நள்ளிரவிற் கூவிய வண்டி

பொன்மலை ஓசைக்கு அஞ்சாத ஊர். 1753ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை ஒருபுறமும், பிரெஞ்சுக்காரரும் மைசூராரும் கூடிய படை மறுபுறமுமாக நின்று அக்குன்றின் பொருட்டுப் போர் புரிந்த நாளின் பீரங்கி முழக்கத்தை விட்டுவிடுவோம். சென்ற நூற்றாண்டின் இருபதுகளில், தென்னிந்திய ரயில்வேயின் பெரும் பணிமனை நாகப்பட்டினத்தினின்றும் இங்குப் பெயர்ந்து வந்த நாள்முதல், இரும்பை இரும்பால் அறையும் ஓசையும் எஞ்சின்களின் உறுமலும் இவ்வூர்க் குழந்தைகளுக்குத் தாலாட்டாகவே ஆகிவிட்டன. நீலகிரி மலைப்பாதையிற் பற்சக்கரத்தின் துணைகொண்டு ஏறும் நீராவி எஞ்சின்களை இந்நூற்றாண்டிலும் புதியனவாகச் செய்து கொடுத்த பணிமனை இது. இத்தகைய ஊரில் ஒரு சிறு மோட்டார் வண்டியின் கூக்குரல் ஒரு தெருவையே உறக்கமின்றி வருந்தச் செய்தது என்றால் நண்பர்கள் நம்பத் தயங்குவர். பணிமனையின் ஓசைக்கு நேரமும் காரணமும் உண்டு. அவ்வண்டியின் ஓசைக்கு இரண்டும் இல்லை. வேறுபாடு அவ்வளவே.

வண்டி எம் பெரியப்பாவினுடையது. அவர் பணிமனையின் மின்சாரப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டு உழைத்து ஓய்வுபெற்றுப் பொன்மலைப்பட்டியிற் சிறு வீடு கட்டிக்கொண்டு வாழ்பவர். பிறர் ஓட்டிப் பழகிய வண்டி ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தார். அதில் உறைவிடத்து மோட்டாரும், கண்ணாடியை ஏற்றியிறக்கும் பொறியும் அவர் கையாற் பழுதுபார்க்கப்பட்டவை. குவைத்திற் பணிபுரியும் எம் அண்ணன் சென்ற மே மாதம் விடுமுறையில் வந்தபோது, பெற்றோர்க்கு ஒரு பரிசாக, நகரத்துக் கடையொன்றிற் பணம் கொடுத்து அவ்வண்டிக்கு இரண்டு புதுமைகளைச் செய்வித்தார். ஒன்று, கள்வர் தொட்டாற் கூவும் அபாயச் சைரன். மற்றொன்று, வீட்டிற்குள் அமர்ந்தபடியே கைக்கருவியின் பொத்தானை அழுத்தி எஞ்சினை இயக்கும் ரிமோட் ஸ்டார்ட்டர். வெயில் நாட்டில் வாழும் அண்ணனுக்கு இரண்டாவது ஏற்பாடு ஆடம்பரமன்று. பெரியம்மாவுக்கு வெம்மை சிறிதும் ஆகாது. சித்திரை வெயிலிற் காய்ந்து நின்ற வண்டிக்குள் ஏறியவுடன் ஒருமுறை மயங்கியும் இருக்கிறார். ஐந்து நிமிஷம் முன்னரே எஞ்சின் ஓடிக் குளிர்காற்று நிறைந்திருந்தால் அத்துன்பம் இல்லை அல்லவா? தாயை நினைந்து மகன் செய்த பரிசு அது. பின்னர் நேர்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

எஞ்சினைச் சுழற்றி உயிர்ப்பிக்கும் தொல்லை பழமையானது. ஆதியில் வண்டியின் முன்னே நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றினார்கள். எஞ்சின் எதிர்த்துதைத்தாற் கை முறியும். கியர் விழுந்திருந்தால் வண்டி சுற்றியவன் மேலேயே ஏறும். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் என்பார் 1911இல் மின்சாரச் சுழற்றியை அமைத்து, 1912ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் அது வெளிவந்த பின்னரே அக்கைப்பிடி மெல்ல மெல்ல மறைந்தது. ஆயினும் சாவியைத் திருப்புகிறவன் இருக்கையில் அமர்ந்திருந்தான். கால் பிரேக்கிலும் கை கியரிலும் இருந்தன. ரிமோட் ஸ்டார்ட்டர் அம்மனிதனையும் வண்டியினின்று இறக்கிவிட்டது. அவன் செய்துவந்த காவலை இனிச் சில கம்பிகளே செய்ய வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் தொல்லையும் தொடங்கிற்று. பின்னிரவில், பெரும்பாலும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில், சைரன் காரணமின்றிக் கூவும். அதன் மேலுறையில் 120 டெசிபெல் என்று பெருமையாக அச்சிட்டிருந்தது. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை 45 டெசிபெல்லுக்கு மேல் ஆகாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதி. சட்டம் ஒருபுறம் இருக்க, அடுத்த வீட்டிற் குடியிருப்பவர் ரயில் எஞ்சின் ஓட்டுநர். அவர் உறங்கும் நேரம் கடிகாரத்தைப் பார்த்து அமைவதன்று. பணிப்பட்டியலைப் பார்த்து அமைவது. யாம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சென்று சேர்ந்த மறுநாட் காலை அவர் வேலிக்கப்பால் நின்று, "அண்ணே, நேற்று ஒன்பதுக்குப் படுத்தேன். நாலு மணிக்கு வண்டியேற வேண்டியவன் இரண்டரைக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுவே பெரியப்பாவைச் சுட்டது. ஓட்டுநர் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்பதை ரயில்வேயில் வாழ்ந்தவருக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அன்றே வண்டியைத் தாமே ஆராய்வதென்று முடிவு செய்தார். டார்ச்சு விளக்கைப் பிடிக்கும் பணி எமக்கு.

பொருத்திய கடைக்காரரை முன்பே இருமுறை அழைத்ததுண்டு. அவர்கள் இருமுறையும் அதிர்ச்சியை உணரும் சிறு கருவியின் திருகைத் தளர்த்திவிட்டு, "சரக்கு வண்டி போகிற அதிர்வு, ஐயா" என்று கூறிச் சென்றார்கள். பெரியப்பா அதை ஒப்பவில்லை. சரக்கு வண்டிகள் மாலையிலும் செல்கின்றன. அப்போதெல்லாம் சைரன் ஊமையாயிருப்பானேன்? "காரணம் எதுவென்று ஊகிக்காதே, தம்பி. எது காரணமன்று என்பதை ஒவ்வொன்றாக நிரூபித்துக்கொண்டு வா" என்றார். தருக்க நூல் கற்ற ஆசிரியர்களும் இதனினும் நன்றாகச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அவர் செய்த முதற் காரியம் சைரனின் இணைப்பைக் கழற்றியது. இனி அபாயம் என்று கருவி எண்ணினால் வண்டியின் பக்க விளக்குகள் மாத்திரம் சிமிட்டும். அயலார் உறக்கம் கெடாது. அக்கருவிக்கு ஐயம் எழுப்பும் வாயில்கள் மூன்று: அதிர்ச்சியுணரும் கருவி, கதவுகளின் பொத்தான்கள், எஞ்சின் மூடியாகிய பானெட்டின் கீழுள்ள பொத்தான். இரவுக்கு ஒரு வாயிலை அடைத்துவிட்டு விடியுமட்டும் பார்த்திருக்க வேண்டும். ஒரே இரவில் மூன்றையும் அடைத்தால் வண்டி அமைதியாயிருக்கும். அமைதியின் காரணம் மாத்திரம் தெரியாது.

காவலிருக்கும் வேலை எமக்கு உவப்பாகவே இருந்தது. தேர்வுக்குரிய நூல்களை எடுத்துக்கொண்டு, தலையிற் கம்பளித் துணி சுற்றித் திண்ணையில் அமர்ந்தோம். மதுரைக்காஞ்சியில் வரும் நள்ளிரவு ஊர்காவலரை வகுப்பிற் படித்தபோது அவர்கள் வீரத்தை வியந்தோம்; மார்கழிப் பனியிற் கொசுக்கடியோடு அமர்ந்திருக்கும் பொறுமையை அன்றுதான் வியந்தோம். முதல் இரவு அதிர்ச்சிக் கருவியைக் கழற்றியிருந்தார். 2 மணி 40 நிமிஷத்திற்கு விளக்குகள் சிமிட்டின. இரண்டாம் இரவு அதனை மீண்டும் பூட்டிக் கதவுக் கம்பியைப் பிரித்துவிட்டார். மூன்றேகால் மணிக்குச் சிமிட்டல். மூன்றாம் இரவு பானெட்டுக் கம்பி. வைகறைப் பறவைகள் ஒலிக்கும் வரையில் வண்டி இருளிலேயே கிடந்தது. உறுதிக்காக நான்காம் இரவு அக்கம்பியைத் திரும்பப் பூட்டினார்; விளக்குகள் திரும்பச் சிமிட்டின. இந்த நான்காம் இரவின் சோதனையை எம்மிற் பலர் வேண்டாத வேலை என்றே கருதியிருப்போம்.

காலையிற் பானெட்டைத் தூக்கிப் பார்த்தபோது காரணம் வெளிப்படையாயிருந்தது. அந்தப் பொத்தானைக் கடைக்காரர் மழைநீர் வடியும் பள்ளத்திலேயே துளையிட்டுப் பொருத்தியிருந்தார். கம்பி சேருமிடத்திற் பச்சைக் களிம்பும், அதைச் சூழ ஈரப் புழுதியும் இருந்தன. மூடி திறந்தாற் பொத்தான் எழுந்து கம்பியை வண்டியின் உடலோடு, அதாவது பாட்டரியின் எதிர்முனையோடு சேர்க்கும். அதைக் கண்டு கருவி கூவும். பின்னிரவுப் பனி அப்புழுதியை நனைத்தபோது, மூடி திறவாமலே மின்சாரம் ஈரத்தின் வழியாக உடலிற் கசிந்தது. கருவியோ மிகச் சிறு கசிவையும் உணரவல்லது. வெயிலேறியதும் புழுதி உலர்ந்துவிடும். பகலில் வந்து பார்த்த கடைக்காரருக்கு ஒன்றும் அகப்படாமற் போனது அதனாலேயே. பொத்தானை உயரமான உலர்ந்த இடத்திற்கு மாற்றிப் புதுக் கம்பியிட்டு ஈயம் வைத்து இறுக்கினார். அயல்வீட்டாரின் உறக்கம் அன்றோடு மீண்டது.

இவ்வளவில் நின்றிருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை. வண்டிக்கு வேறொரு நோயும் இருந்தது. ஐந்து நாள் ஓட்டாமல் நிறுத்தினால் பாட்டரி இறந்துவிடும். கடையில், பாட்டரி பழையது என்று கூறிப் புதிதொன்று வாங்கச் செய்தார்கள். புதிதும் அவ்வாறே இறந்தது. பெரியப்பா பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அவ்விடைவெளியில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து, வண்டியிலுள்ள மின்மூளைகள் எல்லாம் உறங்கும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தார். 0.18 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. அற்பமாகத் தோன்றும். கணக்கிட்டால் ஒரு நாளைக்கு நான்கு ஆம்பியர்-மணிக்கு மேல்; 35 ஆம்பியர்-மணி கொள்ளும் பாட்டரியில் ஐந்து நாளிற் பாதிக்கு மேல் வற்றிவிடும். நல்ல நிலையிலுள்ள வண்டிக்கு 0.05 ஆம்பியரே மிகுதி. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். புதுக் கருவியின் பியூஸைப் பிடுங்கியதும் எண் 0.03 ஆயிற்று. அதைத் திரும்ப இட்டு, கருவியின் கிளைகளைப் பிரித்துப் பார்த்தபோது, ஸ்டியரிங்கின் கீழ் நாடாவாற் சுற்றி ஒளித்திருந்த ஒரு சிறு பெட்டியே 0.13 ஆம்பியரை இரவும் பகலும் உறிஞ்சுவது தெரிந்தது. "ஒரு ரிலே விழித்தே கிடக்கிறது" என்றார்.

ரிலே என்பதற்குத் தமிழ் யாது என்று எமக்கு ஓர் ஆசை எழுந்தது. முற்காலத்திற் கடிதப் பையை ஓர் ஓட்டக்காரன் அடுத்தவனிடம் கைம்மாற்றுவதை அஞ்சல் என்றார்கள். வானொலியாரும் ஒரு நிலையத்தின் ஒலியை மற்றொன்று வாங்கிப் பரப்புவதை அஞ்சல் என்றே வழங்கினர். சிறு மின்னோட்டம் ஒரு காந்தத்தை எழுப்பித் தன் வேலையைப் பெரு மின்னோட்டத்தினிடம் ஒப்புவிக்கும் இக்கருவிக்கும் அப்பெயர் பொருந்தாதா என்றோம். பெரியப்பா கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிக்கொண்டு, "கடையிற் போய் அஞ்சல் கேட்டால் தபாலாபீசைக் காட்டுவான், விளக்கைச் சரியாகப் பிடி" என்றார்.

அப்பெட்டியைப் பிரித்தபோது உள்ளே வண்டியின் மாற்றுச் சாவி இருந்தது! எமக்குத் திகைப்பு, அவருக்கு முகம் மாறிற்று. இக்காலத்துச் சாவியின் தலையினுள்ளே ஒரு சிறு சிப்பு உண்டு. அதற்குப் பாட்டரி கிடையாது. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் எழுப்பும் காந்தப் புலத்திலிருந்தே உயிர்பெற்றுத் தன் இரகசிய எண்ணை அது சொல்லும். எண் சரியாயினன்றி எஞ்சினுக்கு எரிபொருள் கிடையாது. இம்மொபிலைசர் எனப்படும் இக்காவலை வண்டி செய்தவர்களே வைத்திருக்கிறார்கள். சாவியின்றி எஞ்சினை இயக்க விரும்பும் ரிமோட் ஸ்டார்ட்டர் இதனை எங்ஙனம் கடக்கும்? மாற்றுச் சாவியொன்றைப் பெட்டியில் ஒளித்து, அதைச் சுற்றி ஒரு சுருள் அமைத்து, தூரத்திலிருந்து பொத்தானை அழுத்தும் அச்சில விநாடிகள் மாத்திரம் ஒரு ரிலே அச்சுருளைச் சாவித்துளையோடு இணைக்க வேண்டும். முறை அதுவே. கடையிலோ, அந்த ரிலேயின் கம்பியை எப்போதும் மின்சாரமுள்ள கம்பியோடு முறுக்கிவிட்டிருந்தார்கள். அதனால் ஒளிந்திருந்த சாவி ஓயாது தன் எண்ணைச் சொல்லக் காத்திருந்தது.

பெரியப்பா தம் சாவியின் தலையை அடுப்பங்கரையிலிருந்த அலுமினியத் தாளால் நன்கு சுற்றி, அதன் சிப்பை ஊமையாக்கிவிட்டுத் துளையிலிட்டுத் திருப்பினார். எஞ்சின் ஓடத் தொடங்கிற்று. வெறும் இரும்பில் வெட்டிய எந்தச் சாவியும் ஏழு மாதமாக அவ்வண்டியைக் கிளப்பியிருக்கக்கூடும் என்பது இதன் பொருள். கள்வரைத் தடுக்கப் பணம் கொடுத்து வாங்கிய காவல், முன்பே இருந்த காவலைக் கொன்றுவிட்டது. பாட்டரியின் நோய் இந்நோயின் அறிகுறியே.

ஒரு முறுக்கு தவறாயின் வேறு முறுக்குகளையும் நம்பலாகாது என்று அவர் அன்று பிற்பகல் முழுதும் காப்பின் கம்பிகளைத் தொடர்ந்து சென்றார். யந்திரத்தோடு வந்த விளக்கத்தாள் அண்ணனின் அலமாரியிற் கிடைத்தது. அதில் ஒரு கறுத்த கம்பி வளையம் குறிக்கப்பட்டிருந்தது. தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியாயின் அவ்வளையத்தை வெட்டலாம். கையாற் கியர் மாற்றும் வண்டியாயின் வெட்டலாகாது. வெட்டாதிருந்தால் கருவி ஒரு சடங்கை எதிர்பார்க்கும்: ஓட்டுநர் ஹாண்ட்பிரேக்கை இழுத்து, எஞ்சின் ஓடும்போதே சாவியை எடுத்து, இறங்கிக் கதவை மூட வேண்டும், அதன் பின்னரே எஞ்சின் நிற்கும். கியர் விழுந்திருந்தால் இது கூடாதாகையால், வண்டி கியரில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. பின்னர் எவரேனும் கதவைத் திறந்தால் அச்சாட்சி செல்லாது. கருவி எஞ்சினை இயக்க மறுத்துவிடும். அறிவுள்ள ஏற்பாடு. எம் வண்டி கையாற் கியர் மாற்றுவதே, வளையமோ வெட்டப்பட்டிருந்தது. ஹாண்ட்பிரேக்கைப் பார்க்க வேண்டிய கம்பியும், பிரேக்கிற்குச் செல்லாமல் அருகிலிருந்த ஓர் ஆணியில் இறுக்கப்பட்டிருந்தது. பிரேக் எப்போதும் இழுக்கப்பட்டே இருப்பதாக அது கருவிக்குப் பொய் சொல்லும். கிளட்சை மிதித்தாலன்றிச் சுழலாத பாதுகாப்பு அவ்வண்டியில் முதலிலேயே கிடையாது.

மேடான இடங்களிற் கியரைப் போட்டு வண்டியை நிறுத்துவது பெரியப்பாவின் நெடுநாள் வழக்கம். அயல்வீட்டு ஓட்டுநரின் இரு பிள்ளைகளும் அவர்கள் தோழரும், அரையாண்டு விடுமுறையில், அவ்வண்டியின் முகப்பையே ஸ்டம்பாகக் கொண்டு பந்து விளையாடுவார்கள். கைக்கருவி பெரியம்மாவின் பைக்குள் சாவிக்கொத்தோடும் மாத்திரைச் சீட்டோடும் கிடக்கும்.

அவர் ஊகத்தில் நிற்கவில்லை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் வைத்தார். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் மெல்லிய கம்பியைக் கழற்றி, அதன் நுனியில் ஒரு சோதனை விளக்கை இணைத்தார்; கியரை ஒன்றாவதில் இட்டார்; ஹாண்ட்பிரேக்கை விட்டார். எம்மைத் திண்ணைக்குச் சென்று பொத்தானை அழுத்தச் சொன்னார். அழுத்தினோம். விளக்கு எரிந்தது. ஒரு கணம் எரிந்து அணைந்து, எஞ்சின் ஓடவில்லை என்று கண்டு மீண்டும் எரிந்தது. மூன்றாம் முறையும் எரிந்தது. அவ்விடத்து மோட்டார் இணைந்திருந்தால் வண்டி மூன்று முறை முன்னே பாய்ந்திருக்கும். பந்தும் மட்டையும் அப்போது மதிற்சுவரில் சாய்ந்து கிடந்தன. யாரும் பேசவில்லை. பெரியம்மா வாயிற்படியில் நின்று பார்த்துவிட்டு, கைக்கருவியை எம் கையிலிருந்து வாங்கிச் சுவாமி மாடத்தின் மேல், எட்டாத உயரத்தில் வைத்தார்.

அன்றிரவு அண்ணனுடன் தொலைபேசியில் நெடுநேரம் வாதம் நடந்தது. வளையத்தைத் திரும்ப ஒட்டலாம், பிரேக்குக் கம்பியை உரிய இடத்திற் சேர்க்கலாம், ரிலேயின் கம்பியையும் திருத்தலாம். அப்பாவுக்கு இவை ஒரு மணி நேர வேலை. எதற்கு முழுவதையும் பிடுங்க வேண்டும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மகன் கொடுத்த பரிசைத் தந்தை அறுத்தெறிவது அவர் நெஞ்சிற் பட்டிருக்கும் என்பதும் குரலில் தெரிந்தது. பெரியப்பா பொறுமையாகவே விடை சொன்னார்: "பணிமனையில் நின்ற வண்டிக்குச் சங்கிலி கட்டிச் சக்கரத்திற் கட்டை வைப்போம். ஆளில்லாத வண்டி தானே நகர்ந்தால், யாருக்கும் காயமில்லாவிட்டாலும் அதன் பெயர் விபத்து. எனக்கு அறுபத்தெட்டு வயது. சடங்கை ஒருநாள் மறப்பேன்." எமக்கு அவர் பக்கமே சரியாகத் தோன்றிற்று. கையாற் கியர் மாற்றும் வண்டிக்கு இக்கருவி ஏற்றதன்று என்பதே எம் துணிபு. மறதி இல்லாதவர் வேறாக எண்ணலாம். முடிவில் அண்ணன், "அம்மா என்ன சொல்கிறாள்?" என்றார். பெரியம்மா கருவியை வாங்கி, "நீ வாங்கித் தந்தது எனக்குக் குளிர்ச்சிதான், ராசா. அந்தப் பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகின்றன" என்று மாத்திரம் கூறினார்.

மறுநாள் ஸ்டார்ட்டர்ப் பகுதியின் ஐந்து தடித்த கம்பிகளையும் கழற்றி, வெட்டுண்ட இடங்களுக்கு ஈயம் வைத்துக் காப்பிட்டு, மாற்றுச் சாவியைப் பெட்டியினின்று மீட்டார். அலுமினியத் தாள் சுற்றிய சாவி இம்முறை எஞ்சினை எழுப்பவில்லை. சைரன் இருக்கிறது, உரிய போது மாத்திரம் கூவுகிறது. வண்டி இப்போது வேப்பமரத்து நிழலில் நிற்கிறது. வெளியே செல்ல வேண்டிய நாளில் பெரியப்பா ஐந்து நிமிஷம் முன்னதாகச் சென்று, சாவியிட்டு எஞ்சினை ஓட்டிக் குளிர்காற்றைத் திறந்துவிட்டு, பெரியம்மா இறங்கி வரும்வரை இருக்கையிலேயே அமர்ந்திருக்கிறார்.

கடைக்குச் சென்று சண்டையிடுவார் என்று எதிர்பார்த்தோம். சென்றார், யாமும் உடன் சென்றோம். கருவியைப் பொருத்தியவன் எம் வயதினன். விளக்கத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது; அவனுக்கு அதனைப் படித்துச் சொல்வார் இல்லை. முன்னே வேலை பார்த்தவன் செய்ததைப் பார்த்தே கற்றிருந்தான். வண்டிக்கு இவ்வளவென்று கூலி; ஒரு நாளைக்கு மூன்று வண்டி முடிக்க வேண்டும். வளையத்தை வெட்டுவதேன் என்று கேட்டதற்கு, "வெட்டாவிட்டால் வேலை செய்யவில்லை என்று வாடிக்கைக்காரர் திரும்ப வருகிறார்கள், ஐயா" என்றான். பெரியப்பா சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், அவ்வாறு வெட்டிய வண்டிகள் எத்தனை என்று கேட்டார். அவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டுக் கடையின் கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்தான்.

முதலாளி முதலில் முகம் சுளித்தார். சோதனை விளக்கு எரிந்த கதையைக் கேட்டபின் அவராகவே தொலைபேசியை எடுத்தார். விளக்கத்தாளை யாம் தமிழாக்கிக் கொடுத்தோம். ரிலேயை ரிலே என்றே எழுதினோம். ஞாயிறு தோறும் பொன்மலைச் சந்தை கலைந்த பிறகு அவ்விளைஞன் பெரியப்பா வீட்டிற்கு வருகிறான். யாம் விடுமுறை முடிந்து விடுதிக்குப் புறப்பட்ட நாளில், அவன் திண்ணையில் அமர்ந்து, மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியை எந்தத் துளையிற் செருகினால் ஆம்பியர் காட்டும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தான். அழைத்த வண்டிகளில் நான்கு அதற்குள் வந்து போயிருந்தன.